7 கிலோ பை மாட்டினால் நடை ஏன் மாறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் சமதளமான தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த, மேடும் சரிவுமான இடம் அது. அந்தச் சரிவுகளில் காலையில் பள்ளிக்கு இறங்கும் பிள்ளைகளைப் பின்னாலிருந்து பாருங்கள். இரண்டு தோளிலும் பை மாட்டியவர்கள் முன்னால் குனிந்து, குட்டை எட்டாக வைத்து நடப்பார்கள். ஒரே தோளில் தொங்கவிட்டவர்கள் அந்தத் தோளைத் தூக்கி, உடம்பை மறுபக்கம் சாய்த்துப் போவார்கள். "கூன் போடாதே, நிமிர்ந்து நட" என்று வீட்டில் அதட்டுகிறோம். அந்தப் பையோடு உண்மையிலேயே நிமிர்ந்தால் பின்னால் சாயத்தான் வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது நம் எடை மையம், அதாவது உடம்பின் எடை முழுதும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளும் புள்ளி, தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடம்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால் கணுக்காலுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. முன்னால் விழும். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் 7 கிலோ பையை மாட்டுகிறாள் என்று வையுங்கள். பையின் மையம் அவள் எடை மையத்துக்கு 20 செ.மீ. பின்னால் இருக்கிறது. 7ஐ 20ஆல் பெருக்கி, மொத்த எடையான 52ஆல் வகுத்தால் 2.7 செ.மீ. உடம்பும் பையும் சேர்ந்த கூட்டு மையம் அவ்வளவு தூரம் பின்னால் போய்விட்டது. கேட்பதற்கு அற்பம்தான். ஆனால் கணுக்காலுக்கு முன்னால் கையிருப்பாக இருந்த 5 செ.மீட்டரில் பாதிக்கு மேல் போயிற்று. அதை மீட்க இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு ஆறேழு பாகை முன்னால் சாய்கிறது. சாய்ந்தால் பார்வை தரைக்குப் போய்விடும், அதனால் கழுத்து நீண்டு தலை நிமிர்கிறது. சாயங்காலம் கழுத்து வலிக்கிறது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பக்கவாட்டுக் கதை இதைவிட மோசம். நடக்கும்போது இரண்டு பாதமும் ஒன்றாகத் தரையில் இருப்பது மொத்த நேரத்தில் 20 சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் ஒற்றைக்கால். அப்போதும் எடை மையம் ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே வருவதில்லை, அதன் உள்பக்கமாகவே கடந்து போகிறது. அதாவது ஒவ்வொரு எட்டிலும் உடம்பு உள்பக்கம் விழத் தொடங்குகிறது, அடுத்த கால் சரியான இடத்தில் இறங்கித் தாங்கிக்கொள்கிறது. இந்த அசைவு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 2 செ.மீ. மட்டுமே. 5 கிலோ பையை ஒரு தோளில், நடுக்கோட்டுக்கு 20 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் கூட்டு மையம் அதே 2 செ.மீ. ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அதை ஈடுகட்டத்தான் முதுகெலும்பு மறுபக்கம் வளைகிறது.

எட்டின் நீளம் குறைவதற்குக் காரணம் வேறு. இடது கால் முன்னே போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்ப, தோள்கள் எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராகப் போவது இதனால்தான். முதுகில் சுமை ஏறியதும் மேலுடம்பைத் திருப்புவது கடினமாகிறது. அது திரும்பாவிட்டால் இடுப்பும் அடக்கி வாசிக்கிறது, எட்டு சுருங்குகிறது, இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. மெதுவான, பத்திரமான நடை.

சரி, இதெல்லாம் பெரியவர்களுக்கும் பொருந்துமே? பொருந்தும். ஆனால் பெண்பிள்ளைகள் 11, 12 வயதிலும் பையன்கள் 13, 14 வயதிலும் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை வளர்கிறார்கள். முதலில் பாதமும் காலும் நீளும், அப்புறம்தான் நடுவுடம்பு. கண்ணும் உட்காதும் மூட்டுகளும் தரும் தகவலைச் சேர்த்து உடம்பை நடத்தும் மூளை, நேற்றைய காலின் நீளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. இந்த வயதில்தான் எட்டாம் வகுப்பு தொடங்குகிறது, பாடங்களும் கூடுகின்றன. ஒரே வகுப்பில் 35 கிலோ பிள்ளையும் இருக்கும், 60 கிலோ பிள்ளையும் இருக்கும். புத்தகங்களோ இருவருக்கும் ஒன்றே. உடம்பு எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை சுமக்கலாம் என்பது பரவலான பரிந்துரை. 35 கிலோ பிள்ளைக்கு அது 5 கிலோவைத் தாண்டக் கூடாது.

அதே வயதுப் பிள்ளைகள் தைப்பூசத்தன்று காவடி எடுத்து ஆடுவதையும் டர்பனில் பார்க்கலாம். அங்கே தடுமாற்றம் குறைவு. பக்தி என்பார்கள், இருக்கட்டும். இயற்பியலும் துணைக்கு நிற்கிறது. காவடியின் எடை இருபக்கமும் சமமாகத் தொங்குவதால் மையம் மேலே ஏறுகிறதே தவிர, முன்னேயோ பின்னேயோ பெரிதாக நகர்வதில்லை. எடை அகலமாகப் பரவியிருப்பதால் சாயத் தொடங்கினாலும் மெதுவாகவே சாயும், திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

அப்படியானால் தலைச்சுமைதான் சிறந்ததா? கென்யாவில் லுவோ பெண்கள் தலைமேல் வைத்தும், கிக்குயு பெண்கள் நெற்றியில் மாட்டிய பட்டையால் தாங்கியும், தங்கள் எடையில் 20 சதவீதம் வரை கூடுதல் ஆற்றல் செலவில்லாமல் சுமக்கிறார்கள் என்று 1986இல் ஓர் ஆய்வு சொன்னது. உலகமே வியந்தது. 2010இல் தென்னாப்பிரிக்காவில் சோசா பெண்களை வைத்துச் சோதித்தபோது அந்த இலவசச் சலுகை தென்படவில்லை.

ஆகப் பிள்ளைகளுக்கு முதுகுதான். பட்டைகளை இறுக்கி, கனமான புத்தகத்தை முதுகை ஒட்டி வைத்துப் பையின் மையத்தை 20 செ.மீட்டரிலிருந்து 14க்குக் கொண்டுவந்தால், முன்னே சொன்ன 2.7 செ.மீ. 1.9 ஆகக் குறையும். ஒரு புத்தகத்தையும் எடுக்க வேண்டியதில்லை. சரிவில் இறங்கும்போது இது இன்னும் உதவும். அங்கே குதிகால்தான் முதலில் ஊன்றுகிறது, தொளதொளவென்று தொங்கும் பை சரியாக அந்த நொடியில் பின்னால் இழுக்கிறது. மழை பெய்த காலையில் அந்த இழுப்பு போதும், வழுக்குவதற்கு.