திரையில் 37 டிகிரி, குழாயில் எத்தனை?

சர்க்கரையையோ கொலஸ்ட்ராலையோ பரிசோதிக்கும்போது அந்தப் பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி, அமிலேஸ் போன்ற நொதிகளிலோ (வேதிவினைகளை வேகப்படுத்தும் புரதங்களிலோ), நொதி ஒரு நிமிடத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையே அளந்து யூனிட்டாக எழுதுகிறோம். அந்த வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஒரு டிகிரி பிசகினாலே ஆறேழு சதவீதம் மாறிவிடலாம். முன்பு 25, 30 டிகிரிகளிலும் செய்யப்பட்டுவந்த இப்பரிசோதனைகள் இன்று 37 டிகிரி செல்சியஸில் செய்யப்படுகின்றன.

நான் முன்பு பணியாற்றிய சிறு ஆய்வகம் ஒன்றில், காலையில் முதலில் செய்யும் நாலைந்து எஸ்ஜிபிடி மட்டும் குறைவாகவே வந்துகொண்டிருந்தன. அளவு முன்பே தெரிந்த, கருவியைச் சரிபார்க்கப் பயன்படும் கன்ட்ரோல் சீரமும் காலையில் கீழே இறங்கி, பத்து மணிக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். சீரத்தோடு கலக்கும் வேதிக் கரைசலான ரீஏஜென்ட் கெட்டுவிட்டதென்று புதிய கிட்டைத் திறந்தோம். அதிலும் அதே கதை. ஒருநாள் இறுதி விடையை விட்டுவிட்டு நிமிடவாரி அளவுகளைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இப்பரிசோதனையில் நொதி வேலை செய்யச் செய்ய, கலவை 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவது குறையும். அந்தக் குறைவு முதல் நிமிடத்தில் 0.012, அடுத்ததில் 0.016, மூன்றாவதில் 0.019 என்று இருந்தது. சூடு நிலையாக இருந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்கும். பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்த ரீஏஜென்ட்டை எடுத்த சூட்டோடு, அதாவது சூடே இல்லாமல், நேராகப் பிப்பெட் செய்துகொண்டிருந்தோம். அளந்துகொண்டிருக்கும்போதே கலவை சூடேறிக்கொண்டிருந்தது. மூன்றின் சராசரியை, யூனிட்டாக மாற்றும் 1768 என்ற ஃபேக்டரால் பெருக்கியபோது கிடைத்த விடை 28. ரீஏஜென்ட்டை 37 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தபின் அதே சீரம் 35 காட்டியது. இரண்டும் இயல்பான அளவுகள்தாமே என்று தோன்றலாம். ஆனால் இதே பிழை 50ஐ 40 ஆக்கி, கல்லீரல் பாதிப்பின் தொடக்கத்தில் இருப்பவரை நலமானவராகக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடும்.

சீரத்தைச் சேமிப்பதிலும் சிக்கல் உண்டு. குளிரில் வைத்தால் எதுவும் கெடாது என்பது சமையலறை நியாயம். எல்டிஎச் நொதியின் கல்லீரல் வகை குளிரில்தான் செயலிழக்கும் என்பதால் அந்தச் சீரத்தை அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியோ, உறையவைத்த சீரத்தை உருக்கியதும் குறைவாகக் காட்டி, பின்பு மெல்ல ஏறும்.

அனலைசரின் திரையில் தெரியும் 37 டிகிரி, கருவியினுள் இருக்கும் உலோகக் கட்டையின் வெப்பநிலையே அன்றி, குழாயில் உள்ள திரவத்தினுடையது அல்ல. ஆகவே மாதம் ஒருமுறை இன்குபேட்டர் குழியில் நீர்நிரப்பிய குழாயை வைத்து, மெல்லிய முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளக்கிறோம். ஒருமுறை திரை 37.0 என்றபோது நீரில் 35.8தான் இருந்தது. சர்வீஸ் பொறியாளர் வந்து சரிசெய்யும்வரை சர்க்கரை, கொலஸ்ட்ராலை மட்டும் தொடர்ந்துவிட்டு, நொதிப் பரிசோதனைகளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினோம்.