சூரியப் புள்ளிக்குள் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது?

மதுரையிலிருந்து வத்தலகுண்டு வழியாகக் கொடைக்கானல் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரி, தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அதே ஊரில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஒரு சூரிய ஆய்வகம் இருக்கிறது. சூரியப் புள்ளிகளுக்குள் வாயு எப்படி ஓடுகிறது என்பது முதன்முதலாகத் தெரியவந்தது அங்கேதான். ஆண்டு 1909. கண்டுபிடித்தவர் ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட். இன்றைக்கும் சூரிய இயற்பியல் படிக்கிற எவரும் ‘எவர்ஷெட் விளைவு’ என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டத்து ஊர். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். நம் பக்கத்துப் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஓர் இடம் வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆய்வகம் அங்கே வந்ததற்குப் பின்னால் பெரிய துயரம் ஒன்று இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியெடுத்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே அறிய வழியுண்டா என்று யோசித்தார்கள். சூரியப் புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது அதற்குள் தெரிந்திருந்தது. பருவமழையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குமோ என்ற நம்பிக்கையில் சூரியனை நாள்தோறும் பார்க்க ஓர் இடம் தேடினார்கள். மிச்சி ஸ்மித் என்ற இயற்பியல் பேராசிரியர் பழநி மலையையும் நீலகிரியையும் அலசிப் பார்த்தார். கடைசியில் கொடைக்கானல் முடிவானது. 1899-ல் ஆய்வகம் நிறுவப்பட்டு, 1901-ல் நோக்கு வேலை தொடங்கியது. மழையைக் கணித்துச் சொல்லும் அளவுக்கு நேரடித் தொடர்பு ஏதும் கிடைக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் சூரியனைப் பார்க்கும் பழக்கம் அந்த மலையில் நிலைத்துவிட்டது.

சரி, சூரியப் புள்ளி என்றால் என்ன? சூரியனின் மேற்பரப்பில் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். புள்ளியின் நடுவில் அது 3,500 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே காந்தப்புலம் மிகவும் வலுவாக இருப்பதால், அடியிலிருந்து கொதித்து மேலே வரும் வாயு தடைப்பட்டுப் போகிறது. புள்ளியை மட்டும் தனியே எடுத்து வானில் வைத்தால் அதுவும் கண்ணைக் கூசத்தான் செய்யும். சுற்றியுள்ள வெளிச்சத்தில்தான் கறுப்பாகத் தெரிகிறது. நல்ல தொலைநோக்கியில் நடுவே கருநிழலும், அதைச் சுற்றி நார்நாராக வெளிப்பக்கம் நீளும் சாம்பல் நிறப் புறநிழலும் தெரியும். பூமியையே உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கும் புள்ளிகள் உண்டு.

அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் 1908-ல் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். புள்ளியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு சுருள் சுருளாகத் தெரிந்ததால், உள்ளே ஏதோ சூறாவளி சுழல்கிறது என்ற எண்ணமும் வலுத்தது. சுழல்கிறது என்றால் அதன் வேகத்தை அளக்க முடிய வேண்டும். 1907-ல் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்திருந்த எவர்ஷெட், 1909 ஜனவரியில் புள்ளிகளின் நிறமாலையை, அதாவது வண்ணம் வண்ணமாகப் பிரித்த ஒளியை, படமெடுத்துப் பார்த்தார்.

பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி ஓடும் வாயுவின் வேகத்தை ஒரு கண்ணாடிப் படத்தகட்டில் எப்படி அளப்பது? மேலூர் சாலையில் ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பேருந்து நம்மைத் தாண்டியதும் ஹாரனின் சுருதி சட்டென்று இறங்குகிறதல்லவா, ஒளிக்கும் இந்த டாப்ளர் விளைவு உண்டு. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிப் போகும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வை அளக்க ஓர் அடையாளம் வேண்டும். சூரியனில் இருக்கும் இரும்பு போன்ற தனிமங்கள் குறிப்பிட்ட சில அலைநீளங்களை மட்டும் விழுங்கிவிடுவதால், நிறமாலையில் மெல்லிய கருங்கோடுகள் விழுகின்றன. அவைதான் அந்த அடையாளம்.

நிறமாலைமானியின் குறுகிய பிளவு புள்ளிக்குக் குறுக்கே விழும்படி சூரியனின் பிம்பத்தை நிறுத்துகிறார்கள். அப்போது ஒவ்வொரு கருங்கோட்டிலும் மேலிருந்து கீழ்வரை உள்ள ஒவ்வோர் இடமும், புள்ளியின் ஒவ்வோர் இடத்துக்கு ஒத்துவரும். வாயு அசையாமல் இருந்தால் கோடு நேராக இருக்கும். எவர்ஷெட்டின் தகட்டிலோ, கோடு புறநிழலைக் கடக்கும் இடத்தில் லேசாகச் சாய்ந்திருந்தது. வாயுவின் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவு. ஒளியின் வேகமோ நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். அதாவது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். 630 நானோமீட்டரில் உள்ள ஒரு சிவப்புக் கோடு வெறும் 0.004 நானோமீட்டர் நகரும். அவ்வளவு சின்னச் சாய்வு.

அந்தச் சாய்விலிருந்து அவர் திசையைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சூரிய வட்டத்தின் விளிம்புக்கு அருகே ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளவை வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிய திசையில் வைத்தால் கோடு சாய்கிறது. புள்ளியில் மையத்தைப் பார்த்த பக்கம் நீலத்துக்கும், விளிம்பைப் பார்த்த பக்கம் சிவப்புக்கும் நகர்கிறது. பிளவைத் திருப்பி விளிம்புக்கு இணையாக வைத்தால் சாய்வு போய்விடுகிறது. வாயு சூறாவளியாகச் சுழன்றிருந்தால் இது அப்படியே தலைகீழாக நடந்திருக்க வேண்டும்: விளிம்புக்கு இணையாக வைத்தபோதுதான் சாய்வு வந்திருக்கும். ஆகவே வாயு சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி ஓடுகிறது.

அது செங்குத்தாக ஓடவில்லை, கிடைமட்டமாகத்தான் ஓடுகிறது என்பது எப்படித் தெரியும்? சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் வட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடந்துவிடும். வட்டத்தின் நடுவுக்கு வரும்போது சாய்வு மறைகிறது. அங்கே கிடைமட்ட ஓட்டம் நம் பார்வைக்குக் குறுக்கே போகிறது. நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. விளிம்புப் பக்கம் போகப் போகச் சாய்வு கூடுகிறது. செங்குத்து ஓட்டமாக இருந்தால் நடுவில்தான் அதிகம் தெரிந்திருக்கும். தொலைநோக்கி பெரிதாக இருந்தால் மட்டும் இதைப் பிடித்துவிட முடியாது. காற்று அலைபாயாத நல்ல காலைப்பொழுதுகள் வேண்டும், பிளவைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கும் பொறுமை வேண்டும். மலையில் அந்தக் காலைகள் கிடைத்தன. எவர்ஷெட்டின் மனைவி மேரியும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தழல்களைப் பற்றி அங்கிருந்தே ஆராய்ந்தவர்.

இன்றைய விளக்கம் இன்னும் நுணுக்கமானது. புறநிழலில் காந்தக் கோடுகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒவ்வொரு நாரின் உட்பக்க முனையிலும் சூடான வாயு மேலே வந்து, நாரின் வழியே வெளிநோக்கி ஓடி, குளிர்ந்து, வெளிமுனையில் அமிழ்கிறது. இன்னும் மேலே, மேற்பரப்புக்கு மேல் இருக்கும் நிறமண்டலம் என்ற வாயு அடுக்குக்குப் போனால் ஓட்டம் தலைகீழாகிவிடுகிறது: அங்கே வாயு புள்ளியை நோக்கி உள்ளே பாய்கிறது.

கொடைக்கானலில் 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்ப, மறுமுனையில் சுமார் 34 சென்டிமீட்டர் அகலச் சூரியன் விழுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த படத்தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறது. சூரியனின் காந்தச் சுழற்சி தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்று பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் எந்த நாட்டிலிருந்தாலும் இந்தத் தகடுகளைத் தேடி வருகிறார்கள்.

புள்ளியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல் 5 மில்லிமீட்டர் துளையிட்ட அட்டையை ஒட்டி, அதில் பட்டுத் திரும்பும் வெயிலை 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழ வையுங்கள். கண்ணாடியில் தெரியும் சூரியனையும் பார்க்க வேண்டாம், சுவரை மட்டும் பாருங்கள். ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான வெளிச்ச வட்டம் விழும். அதுதான் சூரியனின் பிம்பம். பெரிய புள்ளி இருக்கும் நாளில் அது அந்த வட்டத்தில் மங்கலாகத் தெரியும். நாளுக்கு நாள் அதன் இடத்தைத் தாளில் குறித்துவந்தால் சூரியன் சுழல்வதையே நீங்கள் அளந்துவிடலாம்.