புரோகிரெசிவ் மெட்டல்: உலோக இசையா, வல்லிசையா?

புரோகிரெசிவ் மெட்டல் என்ற ராக் இசை வகையின் பெயரை இரண்டாகப் பிரித்து அகராதியில் தேடினால் ‘முற்போக்கு உலோகம்’ என்று கிடைக்கும். எவர்சில்வர் பாத்திர விளம்பரத்துக்கு வேண்டுமானால் பொருந்தும், இசைக்குப் பொருந்தாது.

பொருந்தும் தமிழ்ப் பெயர் தேடும் முன் இரண்டு சொற்களும் வந்த வழியைப் பார்ப்போம். முதலில் மெட்டல். ‘ஹெவி மெட்டல்’ என்பதன் சுருக்கம் இது. 1968இல் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் பாடல் ஒன்றில், நெடுஞ்சாலையில் வண்டி பறக்கும் முழக்கத்தைச் சொல்ல, கனத்த உலோகத்தின் இடி என்ற பொருளில் இத்தொடர் வந்தது. 1970களில் அது ஓர் இசை வகைக்குப் பெயராக நிலைத்தது. பெயர் அப்படி வந்தது என்றால், ஒலி வந்த வழி வேறு. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை செய்த டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரம் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கைப் பழக்கக்காரரான அவர் கிட்டாரில் தந்தியை அழுத்துவது அந்த வலக்கையால்தான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். பின்னர் தந்திகளையும் தளர்த்தினார். தளர்ந்த தந்தியின் ஒலி தாழ்ந்தது, கனத்தது. அவருடைய பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970இல் வெளியானது.

அடுத்து புரோகிரெசிவ். இலத்தீனில் ‘புரோ’ என்றால் முன்னே. ‘கிராடி’ என்றால் அடியெடுத்து நடத்தல். ராக் இசையில் இந்தச் சொல் 1960களின் இறுதியில் பிரிட்டனில் வேரூன்றியது. மூன்று நிமிடப் பாட்டு போதாது, ஜாஸும் மேற்கத்தியச் செவ்வியல் இசையும் கலக்க வேண்டும் என்று எண்ணியவர்களின் இசைக்கு அது அடைமொழியானது. கிங் கிரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பம் 1969. கனடாவின் ரஷ் குழு 1976இல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே படைப்புக்குக் கொடுத்தது. ஏறக்குறைய 20 நிமிடம்.

1980களின் அமெரிக்காவில் இந்த இரண்டு சொற்களும் கைகோத்தன. ஃபேட்ஸ் வார்னிங், குவீன்ஸ்ரைக் ஆகிய குழுக்கள் மெட்டலின் வேகத்தோடு நீண்ட அமைப்புகளைச் சேர்த்தன. குவீன்ஸ்ரைக் 1988இல் ஓர் ஆல்பம் முழுவதையும் ஒரே கதையாக்கியது. பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் மூவர் 1985இல் மெஜஸ்டி என்ற பெயரில் ஒரு குழு தொடங்கினார்கள். அந்தப் பெயரை வேறொரு குழு ஏற்கெனவே வைத்திருந்ததால், கலிஃபோர்னியாவின் ஒரு திரையரங்கின் பெயரை எடுத்துக்கொண்டார்கள்: டிரீம் தியேட்டர். 1992இல் வந்த அவர்களது இரண்டாம் ஆல்பத்துக்குப் பிறகு இந்த வகையின் முகவரியே அவர்கள்தான்.

இந்த இசையின் ருசி தாளத்தில் இருக்கிறது. டூல் குழுவின் 2001ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் தாளத்தின் எண்ணிக்கை 9, 8, 7 என்று சுருங்கிச் சுருங்கி வரும். சுவீடனின் மெஷுகா குழு இன்னும் கடினம். (ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் இந்தப் பெயருக்குப் பித்துப் பிடித்தவர் என்று பொருள், கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள்.) டிரம்ஸ்காரரின் ஒரு கை நேரான நாலு எண்ணிக்கையை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும், கிட்டாரும் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மும் வேறொரு ஒற்றைப்படைச் சுற்றில் ஓடி, பல சுற்றுக்குப் பின் ஓரிடத்தில் வந்து சேரும். கர்நாடகக் கச்சேரியில் கோர்வை என்ற தாளக் கணக்கு முடிந்து சமத்தில், அதாவது தாளச் சுற்றின் தொடக்கத்தில், விழும்போது தலையாட்டிப் பழகிய காதுக்கு இது முற்றிலும் அந்நியமல்ல.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘முற்போக்கு’ என்பது நம்மிடம் அரசியல் சொல்லாக ஊறிவிட்டது. ஒன்றை முற்போக்கு என்றால் மற்றது பிற்போக்கு ஆகிவிடும். விரல் நுனி இழந்த பட்டறைத் தொழிலாளியின் இசையைப் பிற்போக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதோடு, இந்தப் பெயருக்கு உரியவர்கள் எப்போதும் முன்னே போகிறவர்களும் அல்லர். சுவீடனின் ஓபெத் குழு 2011இல் உறுமல் குரலைக் கைவிட்டு 1970களின் ஒலிக்குத் திரும்பியது. இன்றும் அது புரோகிரெசிவ்தான்.

‘உலோக இசை’யும் உதவாது, ஜால்ராவும் சேகண்டியும்தான் நினைவுக்கு வரும். மெட்டலுக்கு என் தேர்வு ‘வல்லிசை’. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் வண்ணங்கள், அதாவது செய்யுளின் ஓசை வகைகள், இருபதில் வல்லிசை வண்ணமும் மெல்லிசை வண்ணமும் அடுத்தடுத்து நிற்கின்றன: வல்லெழுத்து மிகுந்தது ஒன்று, மெல்லெழுத்து மிகுந்தது மற்றது. மெல்லிசையை நாம் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதன் இணை மட்டும் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் முன் ‘வளர்’ சேர்த்தால் வளர்வல்லிசை. வளர்பிறை போல வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். ஒரே பாட்டு பகுதி பகுதியாக வளர்வதையும் அது சொல்லும். ‘டிரீம் தியேட்டர் ஒரு வளர்வல்லிசைக் குழு’ என்று எழுதிப் பார்த்தேன், கண்ணை உறுத்தவில்லை.

மெஷுகாவின் வழியில் கிளைத்த ‘ஜென்ட்’ என்ற உட்பிரிவின் பெயரை மட்டும் மாற்ற வேண்டாம். உள்ளங்கையால் தந்தியை அடக்கி மீட்டும்போது எழும் ஓசையே அது. ‘தடதட’வுக்கும் ‘சலசல’வுக்கும் நாம் யாரிடமும் மொழிபெயர்ப்புக் கேட்பதில்லையே.