லாஞ்சருக்குச் செருகுநிரல் வசதி: எல்லையை முதலிலேயே போடுங்கள்

செயலிகளையும் கோப்புகளையும் பெயர் தட்டித் தேடித் திறக்கும் லாஞ்சர் பார்வைக்குச் சின்னது. ஒரு குறுக்குவிசை, ஒரு பெட்டி, கீழே ஒரு பட்டியல், அவ்வளவுதான். அதனால் திறமூலமாக ஒன்றை எழுதத் தொடங்குகிறவர்கள் தேடலிலும் தோற்றத்திலும் மூழ்கிவிடுகிறார்கள். செருகுநிரல்கள் (பிறர் எழுதிச் சேர்க்கும் பிளகின்கள்) பெருகியபின் திட்டத்தைக் காப்பதும் கவிழ்ப்பதும் வேறொன்று: அடுத்தவர் நிரலுக்கும் நம் நிரலுக்கும் நடுவே உள்ள எல்லை. அதைப் பிறகு மாற்றப் போனால் ஏற்கெனவே எழுதப்பட்ட செருகுநிரல்கள் அத்தனையும் உடையும்.

செருகுநிரலை நம் புராசஸுக்குள்ளேயே (ஓடிக்கொண்டிருக்கும் நம் நிரலுக்குள்ளேயே) ஏற்றினால் வேகம் கிடைக்கும். ஆனால் அதில் ஒரு நினைவகப் பிழை வந்தால் லாஞ்சரே விழும்; வழுப்பதிவும் நம் களஞ்சியத்துக்குத்தான் வரும். சி++ஸில் இன்னும் சிக்கல். செருகுநிரல்களோடு பேசும் இடைமுக கிளாஸின் நடுவில் ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷனை (செருகுநிரல் தன் வடிவில் எழுதிக்கொள்ளக்கூடிய ஃபங்ஷனை)ச் சேர்த்தாலே, ஏற்கெனவே தொகுத்துவைத்த பழைய பைனரிகள் தவறான ஃபங்ஷனை அழைக்கத் தொடங்கும். லினக்ஸ் லாஞ்சரான யூலாஞ்சர், நீட்சிகள் எனப்படும் தன் செருகுநிரல்களைத் தனிப் புராசஸாக ஓட்டுகிறது. கேடிஇ டெஸ்க்டாப்பின் லாஞ்சரான கேரன்னர், புராசஸ்கள் செய்தி பரிமாறும் டிபஸ் வழியாகவும் செருகுநிரல்களோடு பேசும். விண்டோஸுக்கான ஃப்ளோ லாஞ்சர், பைத்தான் செருகுநிரல்களோடு ஜேசன்-ஆர்பிசியில் (ஜேசன் என்ற எழுத்துவடிவத் தரவில் கேள்வியும் பதிலும் அனுப்பும் முறையில்) பேசுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களும் தனிப் புராசஸையே தேர்ந்தெடுப்பது நல்லது.

வரிக்கு ஒரு ஜேசன் செய்தி, ஸ்டாண்டர்டு இன்புட்டில் கேள்வி, அவுட்புட்டில் பதில் என்ற எளிய ஏற்பாடே போதும். அதிலும் மூன்று இடங்களில் கால் இடறும். பைப்பில் (இரு புராசஸ்களை இணைக்கும் தரவுக் குழாயில்) எழுதும்போது பைத்தான் வெளியீட்டைத் தேக்கிவைக்கும். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் ஃபிளஷ் செய்யாவிட்டால் (தேங்கியதை உடனே வெளியே தள்ளாவிட்டால்) பதில் வந்தே சேராது. பிழை தேட எழுதிய ஒரு பிரிண்ட் வரி அதே வழியில் கலந்தால் ஜேசன் கெடும். அத்தகைய வரிகள் பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டாண்டர்டு எரரில்தான் போக வேண்டும். அந்த எரர் பைப்பை நாம் படிக்காமல் விட்டால், லினக்ஸில் வழக்கமாக 64 கேபி நிரம்பியதும் செருகுநிரல் அப்படியே உறைந்து நிற்கும். காரணமே தெரியாமல் நாள்கணக்கில் தேட வைக்கும் வழு இது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஏறுவரிசையில் எண் கொடுங்கள். பயனர் அடுத்த எழுத்தைத் தட்டியதும் பழைய எண்ணுக்கு வரும் பதில்களைத் தூக்கியெறியுங்கள். உள்ளூர்த் தேடல் முடிவுகளை உடனே காட்டுங்கள். செருகுநிரல்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிந்தி வரும் முடிவு, தேர்வான வரிக்கு மேலே ஒருபோதும் நுழையக்கூடாது. என்டரை அழுத்தும் கணத்தில் பட்டியல் நகர்ந்தால் பயனர் திறக்க நினைக்காத ஒன்று திறக்கும். ‘கணினியை நிறுத்து’ போன்ற கட்டளைகளும் இருக்கும் பட்டியல் அது என்பதை மறக்கக்கூடாது.

தமிழில் தேடுபவர்களுக்காக ஒரு சொல். ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது பொருந்தாது. செயலிப் பெயரையும் தேடுசொல்லையும் என்எஃப்சி என்ற, குறியெண்களை ஒரே சீராக்கும் யூனிகோடு வடிவுக்கு மாற்றியபின் ஒப்பிடுங்கள். உள்ளீட்டு முறை இன்னும் சொல்லை முடிக்காத நிலையில் வரும் என்டரைத் திறக்கும் கட்டளையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

செயலியைத் திறக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு செயலியையும் விவரிக்கும் டெஸ்க்டாப் கோப்பில், திறக்கும் கட்டளையைச் சொல்லும் எக்ஸெக் வரியை ஷெல்லிடம் கொடுக்காமல், விதிப்படி பிரித்து, சதவீதக் குறியோடு வரும் இடக்குறிகளை நிரப்பியோ நீக்கியோ நேரடியாக இயக்குங்கள். லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சர்வீஸாக லாஞ்சர் ஓடினால், அதை மறுதொடக்கம் செய்ததும் அது திறந்துவைத்த உலாவி, எடிட்டர் எல்லாம் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஒரே சிகுரூப்பில் (புராசஸ் குழுவில்) உள்ள அனைத்தையும் நிறுத்துவதுதான் சிஸ்டம்டியின் இயல்பமைப்பு. இருமுறை ஃபோர்க் செய்தாலும் (புராசஸைப் பிரித்து ஓட்டினாலும்) அதிலிருந்து தப்ப முடியாது. திறக்கும் ஒவ்வொரு செயலியையும் தனி ஸ்கோப்பில் (சிஸ்டம்டி தனியாகக் கையாளும் குழுவில்) வையுங்கள்.

லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில், பழைய எக்ஸ்11இல் முடிந்ததுபோல, செயலியே குறுக்குவிசையைப் பிடித்துக்கொள்ள முடியாது. செயலி குறுக்குவிசையைக் கேட்டுப் பெற உதவும் குளோபல் ஷார்ட்கட்ஸ் போர்ட்டல் இல்லாத சூழலுக்காக, பயனர் தாமே குறுக்குவிசையோடு இணைத்துக்கொள்ள, பெட்டியைத் திறக்கும் கட்டளை ஒன்றையும் தாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஆவணத்தில் ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். தனிப் புராசஸ் என்பதால் மட்டும் செருகுநிரல் கூண்டுக்குள் இருப்பதாகாது. பயனர் படிக்கக்கூடிய எல்லாக் கோப்புகளையும் அதுவும் படிக்கும். நிறுவும்போது மாறிக்கொண்டே இருக்கும் கிட் கிளையைச் சுட்டாமல் குறிப்பிட்ட கமிட்டின் (அந்த ஒரு பதிப்பின்) அடையாளமான ஹாஷைப் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் இன்று நல்லதாக இருந்த நிரல் நாளை சத்தமில்லாமல் மாறிவிடலாம். இணையத்தில் தேடும் செருகுநிரலுக்கு முன்சொல் (அந்தச் செருகுநிரலை அழைக்க முதலில் தட்ட வேண்டிய சொல்) ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். பெட்டி திறந்திருப்பதைக் கவனிக்காமல் பயனர் தட்டிய கடவுச்சொல்கூட, முன்சொல் இல்லாத அமைப்பில், எழுத்து எழுத்தாக வெளியே போகும். கிளிப்போர்டு வரலாற்றைச் சேமிக்கும் செருகுநிரல்கள், சில கடவுச்சொல் மேலாளர்கள் நகலோடு சேர்த்து அனுப்பும் ‘ரகசியம்’ என்ற குறிப்பைப் பார்த்து அந்த நகலைத் தவிர்க்க வேண்டும். இதைச் செய்யாத செருகுநிரலை அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.