வெள்ளச்சியின் சர்க்கரையும் அப்பாவின் சர்க்கரையும்

மொட்டைமாடியில் எங்கள் நாய் வெள்ளச்சி சிறுநீர் கழித்த இடத்தில் கால் மணி நேரத்துக்குள் எறும்பு வரிசை கட்டிவிட்டது. காப்பகத்திலிருந்து அவளைக் கூட்டிவந்த இரண்டாவது நாள் அது. சர்க்கரை நோய் இருக்கிறது, ஊசி ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது, அளவு இன்னும் பிடிபடவில்லை என்றெல்லாம் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் காதால் கேட்டது எறும்பைப் பார்த்தபோதுதான் மண்டையில் ஏறியது.

ஸ்பிட்ஸ் வகை, வயது எட்டு இருக்கலாம். கண் வெளுக்க ஆரம்பித்ததும் யாரோ பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக இருந்தவள் தட்டில் எது வைத்தாலும் துடைத்துச் சாப்பிட்டாள். ஒரு பாத்திரம் தண்ணீரை நின்ற இடத்தில் குடித்தாள். இவ்வளவு தின்றும் ஏன் இளைக்கிறாள்?

நல்ல நிலையில் இருக்கும் நாயின் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 80 முதல் 120 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது குளுக்கோஸும் சேர்ந்தே வடியும். ஆனால் உடம்பு அதை வீணாக்காமல் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்த இழுப்புக்கு ஓர் எல்லை உண்டு. நாயில் அது ஏறக்குறைய 180 முதல் 220 வரை. ரத்தச் சர்க்கரை அதைத் தாண்டினால் மிச்சம் சிறுநீரோடு போய்விடும். போகும்போது சும்மா போகாது, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அந்தத் தாகம். இன்னொரு பக்கம், ரத்தத்தில் அவ்வளவு குளுக்கோஸ் ஓடியும் தசைக்குள் நுழைய வழியில்லை, நுழையவிட இன்சுலின் வேண்டும். குடோன் நிறைய நெல், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்கிற கதைதான். உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்து எரிக்கத் தொடங்கும். அது முற்றினால் கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் ரத்தத்தில் சேர்ந்து, நாய் வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். அப்படி ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை, உடனே ஆஸ்பத்திரிதான்.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. தானும் ஒரு நிபுணர் என்ற நினைப்பு அவருக்கு. "எனக்கே மாத்திரைதான் குடுக்கிறாங்க, இதுக்கு எதுக்கும்மா ஊசி? என் மாத்திரையில பாதி உடைச்சுக் குடுத்துப் பாரு" என்றார். நல்லவேளை, யாரும் கொடுக்கவில்லை.

மனிதர்களில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது, உடம்புதான் அதன் பேச்சைக் கேட்பதில்லை. மாத்திரைகளில் சில கணையத்தை இன்னும் கொஞ்சம் சுரக்கச் சொல்லித் தூண்டும், சில உடம்பை இன்சுலினுக்கு இணங்க வைக்கும். இரண்டுக்குமே ஓரளவாவது சொந்த இன்சுலின் இருக்க வேண்டும். நாய்க்கு வருவது பெரும்பாலும் அப்படி இல்லை. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களே அழிந்துபோயிருக்கும். கணைய அழற்சியால் அழியலாம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்கியிருக்கலாம். ஆளே இல்லாத வீட்டில் கதவைத் தட்டி என்ன பயன்? அதனால் பெரும்பாலான நாய்களுக்கு ஆயுள் முழுக்க, நாளைக்கு இரண்டு முறை, ஊசிதான்.

பெண் நாய்களுக்கு மட்டும் ஒரு கிளைக்கதை உண்டு. எனக்கு இதில் மிகவும் வியப்பாக இருந்தது இதுதான். பருவத்துக்கு வந்த பெண் நாய் சினையானாலும் ஆகாவிட்டாலும், அதற்கடுத்த இரண்டு மாதமளவுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் அதிகமாகவே இருக்கும். அந்தப் புரோஜெஸ்டிரோன் பால்சுரப்பியைத் தூண்ட, பால்சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி செய்யும் வேலையை மார்பு செய்கிறது! வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்வது. ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்க வேண்டியிருக்கும், ஒரு கட்டத்தில் முடியாமல் போகலாம். இந்த நிலையைச் சீக்கிரம் கண்டுபிடித்துக் கருப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் சில நாய்களுக்குச் சர்க்கரை நோயே விலகிவிடுவதுண்டு. வெள்ளச்சிக்குக் கருத்தடை செய்தபோது அந்தக் கட்டம் கடந்துவிட்டிருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு ஊசி மருந்து சொன்னபடி கேட்க ஆரம்பித்தது.

நாய்க்குப் போய் இன்சுலினா என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள். வரலாறு நேர்மாறானது, நாயிடமிருந்துதான் அது நமக்கு வந்தது. 1889ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசஃப் ஃபான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை எடுத்துவிட்டுப் பார்த்தபோது அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. கணையத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் உறுதியானது. 1921ல் டொரன்டோவில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கணையச் சாற்றைச் செலுத்திப் பார்த்ததும் நாய்களிடம்தான். மார்ஜரி என்ற நாய் கணையமே இல்லாமல் அந்தச் சாற்றின் தயவில் சுமார் 70 நாள் இருந்தது. 1922 ஜனவரியில்தான் முதல் ஊசி ஒரு மனிதச் சிறுவனுக்குப் போடப்பட்டது. இன்னொரு சுவையான விஷயம்: நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் அச்சு அசலாக ஒன்றே. மனித இன்சுலினில் 51ல் ஒன்றுதான் வேறுபடுகிறது. அதனால்தான் மனிதருக்கான இன்சுலினையே நாய்களுக்குப் போடவும் முடிகிறது.

சரி, கண். சர்க்கரை நோய் வந்த நாய்களில் ஏறக்குறைய முக்கால்வாசிக்கு ஒன்றரை வருடத்துக்குள் கண்புரை வந்துவிடுகிறது. அப்பாவுக்கு இத்தனை வருடத்தில் வராதது வெள்ளச்சிக்குச் சில மாதங்களில் வந்தது. கண் லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது, சுற்றியுள்ள நீரிலிருந்துதான் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறி வரும் குளுக்கோஸை அங்குள்ள ஒரு நொதி சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றிவிடும். இந்த நொதியின் பெயர் ஆல்டோஸ் ரிடக்டேஸ். சார்பிட்டால் உருவான பிறகு வெளியே போக முடியாமல் செல்லுக்குள்ளேயே தங்கி, தண்ணீரை உறிஞ்சும். ஊறவைத்த கொண்டைக்கடலை போல லென்ஸின் இழைகள் உப்பி, வெடித்து, வெளுத்துவிடும். பூனைக்கும் சர்க்கரை நோய் நிறைய வருகிறது. ஆனால் வயதான பூனையின் லென்ஸில் இந்த நொதியின் வேகம் குறைவு, கண்புரையும் அரிது. விழித்திரை நன்றாக இருந்தால் நாய்க்கும் அறுவை சிகிச்சை செய்யலாம். வெள்ளச்சிக்கு இன்னும் முடிவு செய்யவில்லை. வீட்டில் நாற்காலியை மட்டும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும், அவள் எங்கும் முட்டிக்கொள்வதில்லை.

தினசரி வேலை என்று பார்த்தால் காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி, இந்த வரிசை மாறக்கூடாது. சாப்பிடாத வயிற்றில் இன்சுலின் போனால் சர்க்கரை தடாலென்று இறங்கும். என்ன சாப்பாடு என்பதைவிட, தினமும் அதே சாப்பாடு, அதே அளவு, அதே நேரம் என்பதுதான் முக்கியம். மருத்துவர் சொன்ன அளவுக்குமேல் அப்பா ரகசியமாகக் கொடுத்த அரை இட்லி அன்று மாலையே குளுக்கோமீட்டரில் மாட்டிக்கொண்டது. காது மடல் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஒன்று கவனிக்க வேண்டும். மனிதருக்கான மீட்டர் நாய் ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். மனித ரத்தத்தில் கணிசமான குளுக்கோஸ் சிவப்பணுக்களுக்குள் இருக்கும், நாய் ரத்தத்தில் ஏறக்குறைய எல்லாமே வெளியே பிளாஸ்மாவில். மீட்டரின் கணக்கு மனிதனுக்காகப் போட்டது.

கைநடுங்க வேண்டிய இடம் ஊசியின் முனை அல்ல, சிரிஞ்சின் கோடுகள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடுவது பெரும்பாலும் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 6 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 15 யூனிட். வெள்ளச்சி அளவுள்ள நாயை அது சாய்த்துவிடும். இன்னொன்று, கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடியில் குத்தினால் அவளுக்குத் தெரிவதுகூட இல்லை.

சர்க்கரை கூடினால் பல நாள் அவகாசம் உண்டு. குறைந்தால் நிமிடக் கணக்கு. 60க்குக் கீழே போனால் தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், வலிப்பும் வரலாம். உடனே ஈறில் தேனோ கெட்டியான சர்க்கரைத் தண்ணீரோ தடவ வேண்டும். நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். அப்பாவின் மேசையில் இருந்த 'சர்க்கரை இல்லாத' சூயிங் கம்மையும் அன்றே எடுத்து ஒளித்தேன். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தது. நல்ல கணையம் உள்ள நாய் அதைத் தின்றால் இன்சுலின் பீறிட்டுச் சர்க்கரை விழுந்துவிடும். வெள்ளச்சிக்குப் பீறிட எதுவும் இல்லை என்றாலும் கல்லீரலையும் அது கெடுக்கும்.

காப்பகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி, பணம் இருக்கிறதா என்பது அல்ல. "ஊருக்குப் போனா ஏழு மணிக்கு யார் ஊசி போடுவா?" என்றார்கள். அப்போது பதில் இல்லை. கீழ்வீட்டு அக்கா ஓர் ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரைச் செலுத்தி ஒரு வாரம் பழகினார். போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஏழு பத்துக்கு அவருடைய குரல் செய்தி வந்தது: "முழுசா சாப்பிட்டுட்டா. ஆறு யூனிட், சிவப்பு மூடிதான். போட்டாச்சு."