பட்டி காப்: கயிறு பிடிக்கிற மச்சான்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகாது. தங்கச்சிமடத்தில் தடைக்காலம் என்றால் ஆண்கள் வீட்டில் கிடக்கும் காலம். வலைக்குக் கிழிசல் பொத்துவார்கள், படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், மிச்ச நேரத்துக்கு டிவி. அப்படி ஒரு தடைக்கால மத்தியானம் சித்தி வீட்டில் தமிழ் டப்பிங்கில் ஒரு அமெரிக்கப் போலீஸ் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். மூத்தவன் சட்டையை இஸ்திரி போடாதவன், எந்த விதியையும் மதிக்காதவன். இளையவன் பெல்ட் வார்கூட நேராக இருக்க வேண்டும் என்பவன். அன்றைய எபிசோடில் இளையவன் மேலதிகாரியிடம் மூத்தவனைப் பற்றி எழுதிக்கொடுத்துவிடுகிறான். மூத்தவன் துப்பாக்கியையும் போலீஸ் வில்லையையும் மேசைமேல் வைத்துவிட்டு, கதவருகே திரும்பி நின்று, "நீ என் பார்ட்னர்டா" என்கிறான்.

டப்பிங் குரல் நன்றாகவே நடுங்கியது. வீட்டில் ஒருவரும் அசையவில்லை. வலையிலிருந்து கையை எடுக்காமலே சித்தப்பா கேட்டார்: "பார்ட்னருன்னா? ரெண்டு பேரும் சேந்து கடை வச்சிருந்தாங்களா?" இறால் உரித்துக்கொண்டிருந்த சித்தி தலையைத் தூக்காமல் சொன்னார்: "கூடப் போற மச்சானையே போட்டுக்குடுத்துட்டான், பாவி."

அதற்கப்புறம்தான் வீடு சூடுபிடித்தது. இளையவன் செய்தது சரி, மூத்தவன் லஞ்சம் வாங்கியவனைத் தப்பவிட்டான் அல்லவா என்றான் சித்தி மகன். என்ன தப்பு செய்தாலும் வெளியே சொல்லலாமா, வீட்டுக்குள் வைத்து அடித்திருக்க வேண்டும் என்றார் சித்தப்பா. இடைவேளை விளம்பரம் முடிந்ததுகூட யாருக்கும் தெரியவில்லை. "பார்ட்னர்" என்று டிவி சொன்னபோது எழாத உணர்ச்சி, சித்தி "மச்சான்" என்றதும் எழுந்துவிட்டது. சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிற எனக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

இந்த வகைத் தொடருக்கு ஆங்கிலத்தில் பட்டி காப் என்று பெயர். பட்டி என்றால் தோழன், காப் என்றால் போலீஸ். ஒத்தே வராத இரண்டு போலீஸ்காரர்களை ஒரே காரில் ஏற்றிவிடுவார்கள். குற்றவாளியைப் பிடிப்பது சாக்கு. இவர்கள் எப்போது சண்டை போடுவார்கள், எப்போது சேர்வார்கள் என்பதுதான் கதை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1975 முதல் 1979 வரை ஓடிய ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச் இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம்.

பட்டி என்று தமிழில் எழுதியதுமே வம்பு தொடங்கிவிடுகிறது. நமக்குப் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி, இல்லாவிட்டால் ஊர்ப் பெயரின் வால். காப்பு என்றால் காவல். "பட்டி காப்" என்பதை ஆட்டுக்கிடைக்குக் காவல் இருக்கும் ஆள் என்று முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர் யாராவது படித்தால் அவர்மேல் தப்பில்லை.

ஆங்கிலத்தில் 'பட்டி' என்ற அந்தச் சொல் 1850 வாக்கில் அமெரிக்கர்களின் பேச்சிலிருந்து எழுத்துக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். சகோதரன் என்ற பொருள்கொண்ட 'பிரதர்' குழந்தை வாயில் சிதைந்து 'பட்டி' ஆனது என்பது ஒன்று. பிரிட்டனில் கூட வேலைசெய்பவனைக் குறித்த, நிலக்கரிச் சுரங்கங்களில் அதிகம் புழங்கிய, 'பட்டி' என்றே ஒலிக்கும் வேறொரு வட்டாரச் சொல் கப்பலேறிப் போனது என்பது இன்னொன்று. அந்த வட்டாரச் சொல்லுக்குப் பின்னால் 16ஆம் நூற்றாண்டின் 'பூட்டி ஃபெல்லோ' இருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. கொள்ளையடித்த பொருளில் பங்கு வாங்குகிறவன் என்று அதற்குப் பொருள்.

பங்கு என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. டப்பிங்கில் வந்த 'பார்ட்னர்' இருக்கிறதே, அதன் பழைய வடிவம் 'பார்சனர்'. பரம்பரைச் சொத்தில் பங்குள்ளவன் என்று பொருள். அதன் நெருங்கிய உறவுக்காரச் சொல் நம்மூர் நீதிமன்றங்களில் இன்றும் புழங்குகிறது: இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் 'கோபார்சனர்'. பத்திரம் எழுதுகிறவரிடம் இதற்குத் தமிழ் கேட்டால் யோசிக்காமல் பங்காளி என்பார். ஆக, எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் "நீ என் பார்ட்னர்" என்பது "நீ என் பங்காளி" ஆகிறது.

அங்கேதான் சிக்கல். ராமநாதபுரம், மதுரை பக்கம் பையன்கள் "வா பங்காளி" என்று அழைத்துக்கொள்வது உண்மைதான். டீக்கடையில் அது செல்லம். ஆனால் வீட்டுக்குள் பங்காளி என்றால் தாத்தா விட்டுப்போன தோட்டத்தில் வேலிக்கல்லை ஒரு அடி தள்ளி ஊன்றியவர். பங்காளிச் சண்டைக்கு மூன்று தலைமுறை ஆயுசு. துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறவன் வாயில் அந்தச் சொல்லை வைத்தால், அடுத்து வக்கீல் நோட்டீஸ் வரும் என்றுதான் சித்தப்பா எதிர்பார்த்திருப்பார்.

கூட்டாளி? தென் மாவட்டத்துப் பேச்சில் கூட்டாளி என்றால் நண்பன், நல்ல சொல். ஆனால் அதைச் செய்தித்தாள்கள் கெடுத்துவிட்டன. கடல் அட்டை மூட்டையோடு ஒருவன் பிடிபட்டால் "கூட்டாளிகள் தப்பி ஓட்டம்" என்று வரும். படித்துப் படித்து, கூட்டாளி திருடன் பக்கமே நிற்கிற ஆளாகிவிட்டான். போலீஸுக்குக் கூட்டாளி என்று எழுதினால் படிக்கிறவர் வேறு மாதிரி புரிந்துகொள்வார். சில சமயம் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கும், அது வேறு.

காப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செம்புப் பொத்தான் போட்ட சட்டையால் வந்த பெயர் என்றும், ரோந்து போகும் காவலரைக் குறிக்கும் மூன்று சொற்களின் முதலெழுத்துகள் என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும். இரண்டும் கதை. 'காப்' என்றால் வட இங்கிலாந்து வழக்கில் பிடி, கைப்பற்று. பிடிப்பவன் 'காப்பர்' ஆனான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது சுருங்கிக் 'காப்' ஆனது. நமக்கு இதில் குறை எதுவும் இல்லை. காவலர், போலீஸ் இரண்டும் புழங்குகின்றன. எங்கள் கரையில் கூடுதலாக மெரைன் போலீஸ் வேறு.

பழைய இலக்கியத்தில் தேடினால் அசல் ஆள் ஒருவன் கிடைக்கிறான்: பாங்கன். அகப்பாடல்களில் தலைவனின் தோழன். அவன் வேலையே தலைவனைத் திட்டுவது. காதலில் விழுந்து தன்னிலை கெட்டவனைப் பார்த்து "உனக்கு இது தகுமா?" என்று கழறுவான். தலைவன் எதிர்த்துப் பேசுவான். அந்தப் பதிலுக்குக் கழற்றெதிர்மறை என்று தனித் துறையே உண்டு. குறுந்தொகை 58இல் வெள்ளிவீதியாரின் தலைவன் "இடிக்கும் கேளிர்" என்று தொடங்குகிறான். என்னை இடித்துப் பேசுகிற நண்பர்களே என்கிறான். தன் நிலைக்கு அவன் சொல்லும் உவமை, வெயிலில் காயும் பாறைமேல் வைத்த வெண்ணெய். கையில்லாத ஊமை ஒருவன் அதைக் கண்ணாலேயே காவல் காக்கிறான். உருகுவது தெரிகிறது, தடுக்கவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. காரில் உட்கார்ந்து இரண்டு பேர் திட்டிக்கொள்ளும் காட்சி எதைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் காவல்காரன் ஞாபகம் வந்துவிடுகிறது. பொருளில் பாங்கனுக்கு மேல் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் இரண்டு நொடி திரையில் நின்று மறையும் வரியில் "நீ என் பாங்கனடா" என்று எழுதினால், சித்தி இறாலை விட்டுவிட்டுச் சிரிப்பார்.

மச்சானுக்கு வருகிறேன். மைத்துனன், மச்சுனன், மச்சினன், மச்சான் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். கன்னடத்து மைதுனவும் இந்தக் குடும்பம்தான். மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், மாமன் மகன், அத்தை மகன் என்று மணவழி உறவும் முறை உறவும் இதற்குள் அடக்கம். ஆண்டாள் கனவில் கைபிடிக்க வருகிறவனே "மைத்துனன் நம்பி மதுசூதன்". கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் முஸ்லிம் வீடுகளில் மனைவி கணவனை மச்சான் என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறேன். அதே தெருமுனையில் இரண்டு பையன்கள் ஒருவரையொருவர் மச்சான் என்கிறார்கள். கடலைத் தாண்டி அக்கரைக்குப் போனால் சிங்களத்திலும் நண்பனுக்கு 'மச்சங்'. இங்கிருந்து போன சொல்தான்.

உறவுப் பெயர் எப்படி நட்புப் பெயரானது? பங்காளியோடு சொத்துத் தகராறு வரும். மச்சானோடு அது இல்லை, அவனைக் கேலி பேசலாம், காலை வாரலாம், கோபித்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்பது ஒரு காரணம். கரையில் சொல்லும் காரணம் வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், குளிப்பவன் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவான். இடுப்பில் வலைப்பை. மேலே படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். மூச்சு முட்டுகிற நேரம் கீழிருந்து ஒரு சுண்டு வரும். அந்தச் சுண்டைக் கை உணர வேண்டும், உணர்ந்ததும் இழுக்க வேண்டும். அரை நிமிடம் பராக்குப் பார்த்தால் ஆள் போய்விடுவான். அதனால் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள்: தன் அக்காள் தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியுமாம். அண்ணன் தம்பியிடம் ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "அவன் பங்காளியில்ல?" என்பார்கள்.

எல்லாப் படகிலும் இப்படித்தான் நடந்ததா என்று எனக்குள் இருக்கும் சரிபார்ப்பவன் கேட்கிறான். நடந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சித்தி "கூடப் போற மச்சான்" என்றபோது அந்தக் கயிறுதான் அவர் வாயில் வந்தது. இளையவன் கயிற்றை விட்டுவிட்டான் என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. இன்றைக்கு ஸ்கூபா பயிற்சியில் கூடவே இறங்குகிற ஆளையும் ஆங்கிலத்தில் பட்டி என்றுதான் சொல்கிறார்கள். ஒருவர் காற்றுக் குழாயை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். சொல் சுற்றிச் சுற்றி எங்கள் கடலுக்கே வந்து சேர்ந்துவிட்டது.

வகைக்குப் பெயர் என்று கேட்டால் 'இணைக்காவலர் தொடர்' என்று எழுதலாம். தப்பில்லை, பல்லில் ஒட்டாது. எனக்குப் பிடித்தது 'சோடிப் போலீஸ் கதை'. சோடியில் பொருத்தமும் உண்டு, கேலியும் உண்டு. சித்தப்பா வைத்த பெயர் இதைவிட ஜோர்: இரட்டைமடி. இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற வலை. ஒரு படகு வேகமெடுத்தாலும் வலை கிழியும், ஒன்று திசை மாறினாலும் கிழியும். அரசு தடைசெய்த வலை அது என்பதால் நான் அச்சில் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் வகைப்பெயர் வேறு, ஒருவரையொருவர் அழைக்கும் சொல் வேறு. பார்ட்னர் என்று வரும் இடத்திலெல்லாம் மச்சான் போட்டுவிட முடியாது. வயது வித்தியாசம் பெரிதாக இருந்தால் இளையவன் "அண்ணே" என்பான். மூத்தவன் "தம்பி" என்பான், கோபம் வந்தால் பெயர் சொல்வான். சம வயதென்றால் மாப்ள, மச்சான். இரண்டு பெண் போலீஸ் என்றால்? எங்கள் பக்கம் கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஒருவரையொருவர் "மதினி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மைத்துனியின் பேச்சு வடிவம். கஞ்சிப்பாசி பறிக்கும்போது காலில் கல் குத்தி ஒருத்தி உட்கார்ந்தால், "மதினி, வந்துட்டேன்" என்று ஒரு குரல் தண்ணீருக்கு மேல் வரும். கேக்னி அண்ட் லேஸி என்று இரண்டு பெண் துப்பறிவாளர்களின் தொடர் 1982இல் தொடங்கியது. 1983இல் சிபிஎஸ் தொலைக்காட்சி அதை நிறுத்தியபோது பார்வையாளர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். 1984இல் தொடர் திரும்ப வந்து 1988 வரை ஓடியது. அதைத் தமிழில் கொடுத்தால் நான் மதினி என்றுதான் எழுதுவேன்.

எழுதினால் நிற்குமா என்பது வேறு கேள்வி. ஒருமுறை வேறொரு தொடருக்கு ஒரே ஒரு இடத்தில் மச்சான் என்று எழுதி அனுப்பினேன். "வட்டார வழக்கு, மாற்றவும்" என்று குறிப்போடு பார்ட்னர் ஆகித் திரும்பி வந்தது. எந்த வட்டாரம் என்று கேட்கலாமா என்று நினைத்தேன். பில் பாக்கி இருந்ததால் கேட்கவில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு அடுத்த எபிசோட். சித்தப்பா வலையை வெளித் திண்ணையிலிருந்து டிவி பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார். இளையவன் மூத்தவன் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். மூத்தவன் கதவைத் திறக்கிறான், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போகிறான், வெளியே வந்து கார்ச் சாவியைத் தூக்கிப் போடுகிறான். இளையவன் பிடித்துக்கொள்கிறான். டப்பிங் செய்ய வசனமே இல்லை.

"சாவியக் குடுத்துட்டான்," என்றார் சித்தி. "சரி, எந்திரிங்க, சோறு போடுறேன்."