கைது செய்யச் செய்ய ஏன் வன்முறை வளர்ந்தது?

1960-களில் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனால் நகரசபை மட்டும், பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற புராட்டஸ்டன்ட் ஆதரவு யூனியனிஸ்ட் கட்சியிடமே இருந்தது. கத்தோலிக்கர்களை எல்லாம் தெற்கு வார்டில் ஒன்றாகத் திரட்டி அதற்கு 8 இடங்கள் கொடுத்திருந்தார்கள். மற்ற இரண்டு வார்டுகளுக்கு 12 இடங்கள். போதாததற்கு, உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுவரி கட்டும் குடும்பத்தலைவருக்கும் அவர் மனைவிக்கும்தான் ஓட்டு. கல்யாணமாகியும் அப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் மகனுக்குக் கிடையாது. குடியிருப்பு வீடுகளை ஒதுக்குவதோ அதே நகரசபை. வேறு வார்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தால், அங்கே ஓட்டுக் கணக்கு மாறிவிடும். அதனால் கொடுக்கவில்லை.

வறுமை மட்டும் வன்முறையைக் கொண்டுவந்துவிடாது. ஏழை ஊர்களில் பெரும்பாலானவை அமைதியாகத்தான் இருக்கின்றன. முறைப்படி கேட்டுப் பெறும் வழியும் அடைபடும்போதுதான் நிலைமை மாறுகிறது. 1968 அக்டோபர் 5 அன்று டெர்ரியில் நடந்த உரிமை ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்துக் கலைத்தது. டிவி கேமரா அதைப் படம்பிடித்துவிட்டது. அதன்பிறகு சீர்திருத்தங்கள் வந்தன, ஆனால் தாமதமாக. 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவம் இறங்கியபோது கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார்கள் என்பதை இப்போது நம்பக் கஷ்டமாக இருக்கும்.

1971 ஆகஸ்ட் 9 விடியற்காலை, விசாரணையில்லாக் காவல் தொடங்கியது. முதல் நாளே 342 பேர் கைது. பட்டியல் பழசு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோரை இரண்டு நாளில் விட்டுவிட வேண்டியிருந்தது. புராட்டஸ்டன்ட் தரப்பிலும் கொலை செய்த ஆயுதக் குழுக்கள் இருந்தன. அன்று அந்தப் பக்கம் ஒருவர்கூடப் பிடிபடவில்லை.

கைது நடந்த ஒரு கத்தோலிக்கத் தெருவில் வளர்ந்த இருபது வயதுப் பையன் எப்படிக் கணக்குப் போடுவான்? இயக்கத்தில் சேர்ந்தால் சிறை, அல்லது சாவு. ஒதுங்கியிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அரசுக்கு உண்மையான பாதுகாப்பு இந்தக் கணக்குதான். சும்மா இருந்தவனையும் கதவை உடைத்து இழுத்துப்போனால், ஒதுங்கியிருப்பதால் லாபம் இல்லை என்றாகிவிடுகிறது. அப்புறம் அவனுக்குச் சேரத் தயக்கம் குறைகிறது. அண்டை வீட்டாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். துப்பு கிடைக்காத ராணுவம் இன்னும் கண்மூடித்தனமாகப் பிடிக்கிறது.

1972 ஜனவரி 30 அன்று டெர்ரியில் ஊர்வலம் போனவர்கள்மீது ராணுவம் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள்; ஒருவர் பின்னர் இறந்தார். அந்த ஒரே ஆண்டில் சுமார் 480 உயிர்கள் போயின. முப்பது ஆண்டுச் சண்டையில் அதுவே மிக மோசமான ஆண்டு.

விசாரணையில்லாக் காவல் 1975-ல் முடிந்தது. 1998 சமாதான ஒப்பந்தத்தில் இரு தரப்பும் ஆட்சியைப் பங்கிட ஒப்புக்கொண்டன. என் கணிப்பில், அதைவிட முக்கியமானது போலீஸ் மாற்றம். ஏனென்றால் துப்பு சொல்ல யாரிடமாவது நம்பிக்கை வேண்டும். 2001-ல் புதிய போலீஸ் படை உருவானபோது கத்தோலிக்கர் சுமார் 8 சதவீதம்தான். புதிதாகச் சேர்ப்பவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று விதி வைத்தார்கள். யூனியனிஸ்டுகள் முணுமுணுத்தார்கள். 2011-ல் விதியை எடுத்தபோது அவர்கள் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியிருந்தது.